கைக்கெட்டும் தூரம்

கடற்கரையிலிருந்து 250 கிலோமீட்டருக்கும் அப்பால், கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 500 மீட்டர் உயரத்தில், தக்காணத்துக் கருங்கற் பாறைகளின் நடுவே அமைந்த ஹைதராபாத் நகரில் வசித்துக்கொண்டு, நீருக்கடியில் படம் பிடிப்பதையே ஜீவனோபாயமாகக் கொண்டவன் நான் என்று சொன்னால், கேட்பவர்கள் சற்று வியப்படைந்து, இது எவ்வாறு நேர்ந்தது என்று விசாரிப்பது வழக்கம். கோல்கொண்டாவின் வைரங்கள் மசூலிப்பட்டினத்துத் துறைமுகத்தை நாடிச் சென்ற காலம் முதல் இந்நகரத்தார் கடலைக் கேள்வியினால் அறிந்திருக்கிறார்களே தவிர, அதனோடு பழகியவர்கள் அல்லர். ஆயினும் இத்தொழிலை மேற்கொள்ள விரும்பும் இளைஞர்கள் சிலர் இப்போது என்னைத் தேடி வருகிறார்கள். அவர்களுக்கு அவ்வப்போது வாயால் சொல்லிவரும் விஷயங்களை ஒருமுறை தொடர்ச்சியாக எழுதிவைக்கலாம் என்ற எண்ணத்தினால் இதனை எழுதத் துணிந்தேன்.

எங்கள் பூர்வீகம் தாமிரபரணிக் கரையிலுள்ள ஸ்ரீவைகுண்டம். 1966-ல் செகந்திராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்டு தென்மத்திய ரயில்வே ஏற்பட்டபோது என் தந்தையார் குமாஸ்தாவாக மாற்றலாகி வந்து மாரேட்பள்ளியில் குடியேறினார். கல்லூரிப் படிப்பில் எனக்கு மனம் செல்லாததைக் கண்டு, செகந்திராபாத்தில் அந்நாளில் பெயர்பெற்றிருந்த ஒரு ஸ்டுடியோவில் என்னை அவரே கொண்டுபோய்ச் சேர்த்தார். அங்கிருந்த பெரியவரை நாங்கள் உஸ்தாத் என்று அழைப்போம். ஆறாம் நிஜாமின் ஆஸ்தானப் படக்கலைஞராக விளங்கிய ராஜா தீன்தயாளின் ஸ்டுடியோ இருந்த ஊர் இது என்பதில் அவருக்கு அளவில்லாத பெருமிதம். தீன்தயாளின் கண்ணாடித் தகடுகளிலிருந்து எடுத்த பழைய அச்சுக்களைக் காட்டி, "பேட்டா, வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, சொல்" என்று கேட்பார். சொல்லத் தெரியாதவன் அன்று முழுவதும் காமிராவைத் தொடக்கூடாது. நிழல் விழும் திசையைக் கொண்டு வெளிச்சத்தின் இடத்தையும், நிழலின் ஓரம் கூர்மையாக இருக்கிறதா மங்கி மறைகிறதா என்பதைக் கொண்டு வெளிச்சம் வந்த வாயிலின் அகலத்தையும் ஊகிக்கும் பயிற்சி எனக்கு அங்கேதான் கிடைத்தது. பின்னாளில் நீருக்கடியில் நான் கற்றுக்கொண்டவை யாவும் அந்தப் பயிற்சியின்மேல் எழுந்தவையே.

தீன்தயாள் இங்கே தொழில் நடத்திக்கொண்டிருந்த அதே 1893-ஆம் ஆண்டில், பிரான்ஸின் தென்கோடியில் பான்யூல் என்னும் கடற்கரை ஊரில் இருந்த ஆய்வுக்கூடத்திலிருந்து, லூயி பூத்தான் என்ற உயிரியல் அறிஞர், தம் சகோதரரின் துணையுடன் அமைத்த நீர்புகாப் பெட்டியில் காமிராவை வைத்துக்கொண்டு கடலடிக்கு இறங்கினார். ஒரு படத்துக்கு அரைமணி நேரம்வரைகூட அவர் ஒளிபுக விட்டுக் காத்திருக்க வேண்டியிருந்தது. 1926-ல் ஃபுளோரிடாவை அடுத்த கடலில் லாங்லி, மார்ட்டின் என்னும் இருவர், நீர்ப்பரப்பில் மிதக்கவிட்ட தெப்பத்தின்மேல் மெக்னீசியத் தூளைக் கொளுத்தி, அந்தக் கணநேரப் பேரொளியில் மீன்களை வர்ணத்தில் படம் பிடித்தார்கள். ஸ்டுடியோவின் பரணில் கிடந்த ஆங்கிலச் சஞ்சிகைகளில் இவற்றைப் படித்துப் படித்து நான் பரவசமடைந்தது உண்டு. ஆனால் இறங்கிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை மூண்டது வேறொரு சந்தர்ப்பத்தில்.

1990 மார்ச் மாதத்தில், 58 அடி உயரமுள்ள ஒற்றைக்கல் புத்தர் சிலையை ஹுசேன் சாகர் ஏரியின் நடுவேயுள்ள பாறைக்குக் கொண்டு செல்லுகையில், தெப்பம் சாய்ந்து சிலை மூழ்கிவிட்டது; உடன் சென்றவர்களில் சிலர் உயிரிழந்தனர். நகரமே ஏரிக்கரையான டாங்க் பண்டில் வந்து நின்றது. நானும் காமிராவோடு போய் நின்றேன். அடுத்த இரண்டே முக்கால் ஆண்டுகளில், 1992 டிசம்பரில் சிலையைத் தூக்கி நிறுத்தும்வரையில், அந்தக் கரையிலிருந்து பலமுறை படம் எடுத்திருக்கிறேன். எத்தனை எடுத்தாலும் படத்தில் விழுந்தது ஏரியின் மேற்பரப்பே. இத்தனை பெரிய வடிவம் நமக்குச் சில ஆள் ஆழத்தில் கிடக்க, அதைக் காண்பதற்கு வழியில்லாமல் கரையிலே நிற்கிறோமே என்ற தாபம் என்னை விடாமல் பற்றிக்கொண்டது.

மாலையில் கோதாவரி எக்ஸ்பிரஸில் ஏறினால் மறுநாள் காலையில் விசாகப்பட்டினம். ரயில்வே குடும்பத்துப் பிள்ளைக்கு அந்த வழி அத்துப்படி. அங்கே கடற்படையில் முக்குளிப்பவராக இருந்து ஓய்வுபெற்ற ஒரு தமிழர், தூத்துக்குடிப் பக்கத்தவர், என் தந்தையாரின் நண்பர் மூலமாக எனக்கு அறிமுகமானார். படம் எடுப்பதற்காகவே நீர்மூழ்கக் கற்க வந்திருக்கிறேன் என்று நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "தம்பி, காமிரா பெட்டியிலேயே இருக்கட்டும். முதல்ல மூச்சைக் கவனிங்க, மீன் எங்கேயும் போயிடாது" என்றார். ஓராண்டுக்கு மேல் அவர் என்னைக் காமிராவோடு இறங்கவிடவில்லை. அப்போது அது கடுமையாகத் தோன்றியது. இப்போது என்னிடம் வருபவர்களுக்கு நானும் அதையே விதிக்கிறேன்.

காரணம் இதுதான். நீருக்கடியில் நிற்பதற்குத் தரை கிடையாது, சுவாசமே தரை. மூச்சை உள்ளே இழுத்தால் உடல் ஓர் அடி உயரும், மெல்ல வெளியே விட்டால் தாழும். கையையோ காலையோ அசைக்காமல், சுவாசத்தின் ஏற்ற இறக்கத்தினாலேயே ஒரு பவளக் கொம்பின் எதிரே, அதைத் தீண்டாமல், அசையாது நிற்கத் தெரிந்தவன்தான் படம் எடுக்கத் தகுதியுள்ளவன். அது கைவராதவன் ஆதாரத்துக்காகப் பவளத்தைப் பற்றுவான். பல வருஷங்களாக வளர்ந்த கிளை அவன் கையோடு வந்துவிடும். தவிரவும், பத்து மீட்டர் இறங்குவதற்கு ஒரு வளிமண்டலம் வீதம் அழுத்தம் கூடிக்கொண்டே போகிறது. காற்றிலுள்ள நைட்ரஜன் இரத்தத்தில் கரைகிறது. காமிராவின் கண்ணாடியில் லயித்து, ஆழத்தையும் நேரத்தையும் சிலிண்டரில் எஞ்சிய காற்றையும் மறந்தவர்களை நான் அறிவேன். முக்குளித்தபின் 18 மணி நேரமாவது விமானம் ஏறக்கூடாது என்ற விதியும் இதைச் சேர்ந்ததே. ஹைதராபாத்காரனுக்கு விசாகப்பட்டினத்து ரயில் பலவிதத்திலும் அனுகூலமானது. மலையுச்சிகளைக் கடக்காமல், பீடபூமியின் அந்தச் சிறிய உயரத்துக்கு இரவெல்லாம் நிதானமாக ஏறி வந்துவிடுகிறது.

காமிராவோடு இறங்கிய பிறகுதான் நீர் என்பது ஒளிக்கு என்ன செய்கிறது என்ற பெரிய பாடம் தொடங்கிற்று. ஸ்டுடியோவில் ஒளி நாம் சொன்னபடி கேட்கும். நீரிலே ஒவ்வோர் அடிக்கும் அது எதையாவது இழந்துகொண்டே வருகிறது. முதலில் போவது சிவப்பு. ஐந்தாறு மீட்டருக்குள் அது பெரும்பாலும் மறைந்துவிடும். பிறகு ஆரஞ்சு, பிறகு மஞ்சள். ஆழத்தில் ஒருநாள் பாறையின் சிப்பி விளிம்பில் உரசி என் விரல் கீறிக்கொண்டபோது, அதிலிருந்து கசிந்த இரத்தம் கரும்பச்சையாகப் புகைந்து போவதைக் கண்டேன். கையிலிருந்த டார்ச்சை அதன்மேல் திருப்பினேன், அதே இரத்தம் அந்தக் கணத்தில் செக்கச்செவேலென்று ஆயிற்று. புத்தகத்தில் படித்ததை அந்த விரல் எனக்கு நிரூபித்துக் காட்டியது. கடலடியில் வர்ணம் இல்லாமல் இல்லை, அதை வெளிப்படுத்தும் ஒளியே இல்லை. ஆதலால் ஒளியை நாமே சுமந்து போகவேண்டும்.

அந்த ஒளியும் வெகுதூரம் செல்லாது. ஸ்ட்ரோப் என்னும் மின்வெட்டு விளக்கிலிருந்து புறப்பட்டுப் பொருளை அடைவதற்கு ஒரு தூரம், அங்கிருந்து லென்ஸுக்குத் திரும்புவதற்கு இன்னொரு தூரம். இரு வழியிலும் நீர் சிவப்பை உறிஞ்சிக்கொள்கிறது. ஒரு மீட்டர், மிஞ்சினால் ஒன்றரை மீட்டருக்கு அப்பால் எவ்வளவு பெரிய ஸ்ட்ரோபாலும் வர்ணத்தை மீட்க முடியாது. அதற்கு மேலும் நீரில் மிதக்கும் நுண்துகள்கள் இருக்கின்றன. காமிராவுக்கு மேலேயே விளக்கை வைத்து நேராக அடித்தால் அந்தத் துகள்கள் ஒவ்வொன்றும் பளிச்சிட்டு, படம் முழுவதும் வெண்புள்ளிகளாகிவிடும். ஆகவே ஸ்ட்ரோபுகளை நீண்ட கைகளில் பொருத்தி, இரு பக்கமும் விரித்து, சற்று வெளிப்புறமாகத் திருப்பி, ஒளியின் விளிம்பு மட்டும் பொருளைத் தொடும்படி செய்கிறோம். நிழல் எங்கே விழும் என்று உஸ்தாத் கேட்ட கேள்வி எனக்கு இன்றைக்கும் இங்கேதான் உதவுகிறது.

கண்ணும் நம்மை ஏமாற்றும். நீரின் ஒளிவிலகலினால் முகக்கண்ணாடி வழியே காணும் மீன், உள்ள தூரத்தைக் காட்டிலும் கால்பங்கு அருகிலும், உள்ள உருவத்தைக் காட்டிலும் மூன்றிலொரு பங்கு பெரியதாகவும் தோன்றுகிறது. பிடித்துவிட்டோம் என்று புதியவன் மகிழ்ந்து எடுத்த படத்தில், மேலே வந்து பார்த்தால், நீலப் பரப்பின் நடுவே மீன் ஒரு சிறு கோடாகக் கிடக்கும். காமிராவை வைக்கும் நீர்புகாப் பெட்டியான ஹவுசிங்கில் தட்டைக் கண்ணாடி இருந்தால் அது லென்ஸின் பார்வையைக் குறுக்கிவிடுவதால், அகன்ற காட்சிகளுக்கு அரைக்கோள வடிவான டோம் போர்ட்டை மாட்டுகிறோம். இத்தனை உபாயங்களும் ஒரே இடத்தில் வந்து முடிகின்றன: உனக்கும் பொருளுக்கும் இடையிலுள்ள நீரைக் குறைத்துக்கொள். கைக்கெட்டும் தூரத்துக்கு வராத எதையும் நீருக்கடியில் படம் பிடிக்க முயலாதே. இத்தொழிலில் எனக்குத் தெரிந்த சாஸ்திரம் முழுவதும் இவ்வளவே என்று சொல்லலாம். அந்தத் தூரத்துக்கு ஒரு பிராணி நம்மை அனுமதிக்கும்படி நடந்துகொள்வது எப்படி என்பதுதான் ஆயுள் முழுவதும் கற்கவேண்டியது.

என் முதல் காமிரா, கோட்டியில் குஜராத்தி கல்லியிலிருந்த ஒரு வியாபாரி எங்கிருந்தோ வரவழைத்துக் கொடுத்த பழைய நிக்கோனாஸ். கடலாய்வாளர் கூஸ்தோவின் காலிப்ஸோ என்ற காமிராவின் உரிமையைப் பெற்று நிக்கான் கம்பெனியார் 1963 முதல் வெளியிட்டு வந்த வரிசை அது. லென்ஸின் வழியே பார்க்க முடியாது. தூரத்தை மனத்தால் மதிப்பிட்டு வளையத்தைத் திருப்பவேண்டும். 36 படங்கள் முடிந்தால் மேலே வந்தால்தான் அடுத்த சுருள். இப்போதுள்ள டிஜிட்டல் காமிராக்களை ஹவுசிங்கில் வைத்து, எடுத்த படத்தை அங்கேயே பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். அது பெரும் சௌகரியம் என்பதில் எனக்கு இரண்டாவது அபிப்பிராயம் இல்லை. ஆனால் காமிரா எதுவானாலும் மாறாத வேலை ஒன்று உண்டு. முதல்நாள் இரவு, மின்விசிறியை நிறுத்திவிட்டு, விளக்கின் கீழ் வெள்ளைத்துணி விரித்து, ஹவுசிங்கின் ஓ-ரிங் என்னும் ரப்பர் வளையத்தைக் காடியிலிருந்து மெல்லப் பிதுக்கி எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே அதன் வட்டம் முழுவதையும் ஒருமுறை வருடிப் பார்க்கவேண்டும். மணல் துகளோ துணி இழையோ இருந்தால் கண்ணுக்குத் தப்பினாலும் விரலுக்குத் தப்பாது. பிறகு சிலிகான் கிரீஸ் ஒரு துளி. பளபளப்பு வரும் அளவுக்குத்தான், அதற்கு மேல் தடவினால் அதுவே தூசியைச் சேர்க்கும். கடலிலிருந்து திரும்பியதும் நல்ல தண்ணீரில் பெட்டியை ஊறப்போட்டு, அதிலுள்ள பொத்தான்களையெல்லாம் அழுத்தி அழுத்தி உப்பை வெளியேற்றவேண்டும். இந்த வேலையை உதவியாளரிடம் ஒப்படைப்பவர்களும் உண்டு, நான் ஒப்படைப்பதில்லை.

கடல் எனக்குச் சோறு போட்டதா என்று கேட்டால், போட்டது ஹைதராபாத்தின் நீச்சல்குளங்கள்தான். தெலுங்குச் சினிமா இந்நகரில் வேரூன்றியிருப்பதாலும், கல்யாணத்துக்கு முன்னரே மணமக்களை நீருக்கடியில் படம் எடுக்கும் வழக்கம் பரவியிருப்பதாலும், எனக்கு ஆண்டு முழுவதும் வேலை இருக்கிறது. இதைச் சிலர் தாழ்வாகப் பேசுவதுண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. நீச்சல் தெரியாத ஒரு பெண்ணை, குளோரின் கண்ணைக் கரிக்க, மூன்று மீட்டர் ஆழத்தில் சிரித்த முகமாக நிற்கச் செய்வது சாமானியமான காரியமன்று. முகக்கண்ணாடி இல்லாததால் அவளுக்கு எதுவும் தெளிவாகத் தெரியாது. லென்ஸின் அருகே சிறிய டார்ச் ஒன்றைப் பிடித்தால் பார்வை அதைப் பற்றிக்கொள்ளும். மூச்சை நெஞ்சு நிறைய வாங்கினால் உடல் மேலே மேலே மிதந்துவிடும். பாதியை வெளியே விட்டுத்தான் தாழவேண்டும், அதைத்தான் எல்லாரும் செய்ய அஞ்சுகிறார்கள். பக்கத்திலேயே உபரி ரெகுலேட்டருடன் ஒரு முக்குளிப்பவர், படத்தின் எல்லைக்கு ஓர் அடி வெளியே, எந்த நேரமும் இருந்தாகவேண்டும். காஞ்சிப்பட்டு நனைந்து உடம்போடு ஒட்டிக் கனக்கும். ஜார்ஜெட் விரிந்து மிதக்கும். கீழேயிருந்து நிமிர்ந்து பார்த்தால் வெளியுலகம் முழுவதும் தலைக்கு மேல் ஒரு வட்டமான சாளரத்துக்குள் அடங்கிவிடும். அந்த வட்டத்துக்கு வெளியே நீர்ப்பரப்பு, குளத்தின் தரையைப் பிரதிபலிக்கும் கண்ணாடி. அந்தச் சாளரத்தின் விளிம்பில் ஆளை நிறுத்தி எடுத்த படங்களில் எனக்கு இன்றும் மிகுந்த திருப்தி உண்டு. அஞ்சுகிற ஓர் உயிரோடு நெருங்குவது எப்படி என்பதைக் குளத்திலே மனிதர்களிடம் கற்றுத்தான் கடலிலே பிராணிகளிடம் சென்றேன்.

அந்தப் பாடத்தின் மறுபாதி தூத்துக்குடியில் கிடைத்தது. என் ஆசிரியர் தம் ஊருக்கு ஒருமுறை அழைத்துச் சென்று, சங்கு குளிப்பவர்களிடம் என்னை விட்டார். முத்துக்குளிப்பு அங்கே 1961-உடன் நின்றுவிட்டது. சங்கு குளிப்பு நிற்கவில்லை. 'நீவாடு' என்று நீரோட்டத்தையும், 'தெளிவு' என்று நீரின் தெளிந்த நிலையையும் சொல்லும் அவர்கள், கச்சான் காற்று வீசும் மாதங்களில் கடல் கலங்கிவிடும், அப்போது வந்து பயனில்லை என்று எச்சரித்தார்கள். மணற்பரப்பில் சங்கு ஊர்ந்து போன தடம் ஒரு மெல்லிய பள்ளமாகக் கிடக்கும்; அவர்கள் சங்கைத் தேடுவதில்லை, தடத்தைத் தேடுகிறார்கள். எப்போதும் நீவாட்டுக்கு எதிராகவே செல்வார்கள். காலால் எழுப்பிய கலங்கல் பின்னாலே போய்விடும், முன்னே இருப்பது தெளிந்திருக்கும். எத்தனையோ கையேடுகளைப் புரட்டிய எனக்கு, படத்தில் வெண்புள்ளி விழாமலிருக்க இதைவிட மேலான யோசனையை எவரும் சொன்னதில்லை.

அங்கே ஒரு கணவாயைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் இருந்தேன். நான் சற்று வேகமாக நெருங்கியபோது அது முன்கைகள் இரண்டையும் உயர்த்தி, உடல் கறுத்து, பின்னோக்கி நழுவிற்று. நின்றேன், மூச்சை நீட்டினேன். கைகள் தாழ்ந்தன, கறுப்பு வெளுத்து, முதுகில் வரிகள் ஓடத் தொடங்கின. பிறகு ஒரு சாண் நெருங்கினேன்; வரிகள் நின்றன, நானும் நின்றேன். இப்படியே அதன் தோலைப் படித்துப் படித்து, கடைசியில் அதன் விழியிலுள்ள வளைந்த கருமணியே சட்டத்தை நிறைக்கும் தூரத்துக்குப் போய்விட்டேன். அந்தப் படத்தைவிட, அது என்னைப் பொருட்படுத்தாமல் ஒரு நண்டின்மேல் பாய்ந்து அதைப் பற்றியதே எனக்குப் பெரிய அங்கீகாரமாகத் தோன்றிற்று.

லட்சத்தீவின் கடமத்துக்கு நான் பழகியவன். கடல் சூடேறிய 2016-ஆம் ஆண்டுக் கோடையில் அங்கே இறங்கியபோது கண்டதை எழுதாமல் இக்கட்டுரையை முடிக்க எனக்கு மனமில்லை. பவளத்தின் சதைக்குள் குடியிருந்து அதற்கு உணவும் நிறமும் தரும் நுண்பாசிகள், நீர் அளவுக்கு மேல் சூடானால் வெளியேற்றப்படுகின்றன. எஞ்சியிருப்பது கண்ணாடிபோல் தெளிந்த சதை, அதன் வழியே தெரியும் வெண்சுண்ணாம்பு எலும்பு. 1998-லும் 2010-லும் நேர்ந்தது மறுபடியும் நேர்ந்திருந்தது. கிளைகிளையாக விரியும் அக்ரோபோரா வகைகள்தாம் முதலில் வெளுத்திருந்தன. பெரும் பாறையாகத் திரண்ட பொரைட்டீஸ் ஓரளவு தாக்குப்பிடித்திருந்தது. கடற்சாமந்தியும் வெளுத்துவிட்டது, அந்தத் தூய வெண்மையின் நடுவே ஆரஞ்சு நிறக் கோமாளி மீன்கள் இரண்டு, தங்கள் வீட்டை விட்டு அகலாமல் நீந்திக்கொண்டிருந்தன. வர்ணத்தின் எதிர்நிலையால் அந்தப் படம் அபாரமாக அமைந்துவிட்டது. அதை வாங்கிக் கூடத்தில் மாட்ட விரும்பியவர்கள் பலர். அழகென்று அவர்கள் கண்டது ஒரு நோயின் தோற்றம். அன்றிலிருந்து, அந்த வெண்மையின் காரணத்தை விவரிக்கும் குறிப்பு இல்லாமல் அந்தப் படத்தை அச்சிட எவருக்கும் நான் சம்மதம் கொடுத்ததில்லை. சிலர் அதனாலேயே வேண்டாம் என்று போய்விட்டார்கள்.

அந்தப் பிரயாணத்துக்குப் பிறகு என் வேலையின் முறையே மாறிவிட்டது. அதற்கு முன்னர் நான் எடுத்த படங்களில் மிகச் சிறந்தவை ஆராய்ச்சியாளருக்கு உதவாதவையாக இருந்தன. நெருங்கிப்போய் எடுத்த மீன் எந்தப் பாறையில் இருந்தது என்பதற்குச் சான்று அவற்றில் இல்லை. இப்போது ஒவ்வோர் இடத்திலும் நெருங்கிய படங்களோடு, அடையாளம் தெரியும்படி பாறையின் முழு உருவத்தையும், பக்கத்தில் அளவுகோல் வைத்து ஒன்றும் எடுத்துக்கொள்கிறேன். இடம், நாள், ஆழம், நீரின் வெப்பம் நான்கையும் படகிலேயே எழுதிவிடுகிறேன். அடுத்த வருஷம் அதே பாறைக்கு அதே கோணத்தில் திரும்பிச் செல்கிறேன். அழகை விரும்புபவர்களுக்கு இந்தப் படங்கள் சலிப்பூட்டலாம். ஒரே பொரைட்டீஸ் பாறையின் படங்களை வருஷவாரியாக அடுக்கிவைத்து, வெளுத்த இடத்தில் பழுப்பு நிறம் விளிம்பிலிருந்து உள்நோக்கி மெல்ல ஏறி வருவதைப் பார்த்தவனுக்குச் சலிப்பு ஏற்படாது.

என்னிடம் பயிலும் இளைஞர்களில் இருவர் வரும் பருவத்தில் கடமத்துக்குப் போகிறார்கள். மாதக்கணக்காக அவர்களுடைய பயிற்சி இங்கே ஒரு நீச்சல்குளத்தில் நடந்து வருகிறது: குளத்தின் தரையில் ஒரு செங்கல்லை வைத்து, அதிலிருந்து ஒரு சாண் உயரத்தில், கைகட்டிக்கொண்டு, சுவாசத்தினாலேயே அசையாமல் நிற்பது. முதலில் செங்கல்லின்மேல் விழுந்துகொண்டிருந்தவர்கள் இப்போது நிற்கிறார்கள். நான் எடுத்த பாறைப் படங்களை நீர் புகாதபடி லாமினேட் செய்து கொடுத்திருக்கிறேன், அந்தப் பாறைகளைக் கண்டுபிடித்து அதே கோணத்தில் எடுத்துவர. தீவுக்குள் நுழைவதற்கான அனுமதி மனு சென்ற வாரம் அனுப்பப்பட்டிருக்கிறது.